வாழ்த்தவா, வணங்கவா? மேடைக்கும் சுவரொட்டிக்கும் புதியவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே 18 வருடம் டிடிபி கடை நடத்தினேன். கட்சிச் சுவரொட்டி, கண்ணீர் அஞ்சலி, அரங்கேற்ற அழைப்பிதழ், கருத்தரங்கப் பேனர், பேராசிரியருக்கு வாழ்த்து மடல் எல்லாம் ஒரே கணினியில் பிறந்தவைதான். கடை போட்ட முதல் வருடம் ஒரு கவுன்சிலருக்குப் பிறந்தநாள் சுவரொட்டி வந்தது. அவசரம். முந்தின நாள் செய்த அஞ்சலிச் சுவரொட்டியைத் திறந்து, படத்தை மாற்றி, பெயரை மாற்றி, அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மேலே இருந்த 'வீரவணக்கம்' அப்படியே நின்றுவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக 200 சுவரொட்டி ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது. காலையில் அவரே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "தம்பி, கிட்ட வந்து பாரு, மூச்சு வருதா?" என்றார். அன்று மத்தியானம் வரை நானும் என் மச்சானும் சுவர் சுவராகச் சுரண்டினோம்.

அரசியலிலோ கலையிலோ கல்லூரியிலோ புதிதாக நுழைந்து, நாளைக்கே யாரையாவது வாழ்த்தியாக வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது தமிழ்நாட்டுப் பழக்கம், சொல்வதும் அதைத்தான்.

வினைச்சொல்லில் தொடங்குங்கள்

'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்ற வரியைச் சுவரில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதையே ஒரு நூறு தடவை தட்டச்சு செய்த பிறகுதான் புரிந்தது, நம் வாழ்த்தின் இலக்கணம் மொத்தமும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. நம் வழக்கத்தில் வாழ்த்து மேலிருந்து கீழே இறங்குவது. பெரியவர் வாழ்த்துவார், சிறியவர் வணங்குவார், சமவயதுக்காரர்கள் பாராட்டிக்கொள்வார்கள். 25 வயதுப் பையன் 70 வயதுத் தலைவரைப் பார்த்து 'வாழ்த்துகிறேன்' என்று மொட்டையாக எழுதினால், தாத்தாவின் தலையில் கைவைத்து ஆசி கொடுத்த மாதிரி இருக்கும். அவர் கோபிக்க மாட்டார். பக்கத்தில் நிற்பவர்கள் விட மாட்டார்கள்.

ஆகவே பேனாவை எடுக்கும் முன், அவருக்கு நான் யார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வயதிலோ பதவியிலோ சிறியவர் என்றால் 'வணங்கி மகிழ்கிறேன்'. சமம் என்றால் 'பாராட்டுகள்', 'மனமார்ந்த வாழ்த்துகள்'. வயதில் மூத்தவர், பதவியில் இளையவர் என்ற இழுபறி வந்தால் 'வாழ்த்தி வணங்குகிறேன்' என்று இரண்டையும் கோத்துவிடலாம். இந்தக் கூட்டு வினை எத்தனையோ சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது.

இருப்பவருக்கு ஒரு சொல், இறந்தவருக்கு வேறு சொல். இதில் தவறினால் என் கதைதான். 'நீடூழி வாழ்க', 'பல்லாண்டு வாழ்க' உயிரோடு இருப்பவருக்கு. 'புகழ் ஓங்குக', 'புகழ் வணக்கம்', 'வீரவணக்கம்' மறைந்தவருக்கு. மறைந்த தலைவரின் பிறந்தநாளுக்கும் இரண்டாவது வரிசைதான். இடதுசாரிகளிடம் 'செவ்வணக்கம்' பெரும்பாலும் மறைந்த தோழரை வழியனுப்பும் சொல். பிறந்தநாளுக்கு 'புரட்சிகர வாழ்த்துகள்' போதும்.

அப்புறம் அந்த முடிவில்லாத வழக்கு: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? 'கள்' பன்மை விகுதி, தனிச் சொல் இல்லை, ஆகவே நடுவில் ஒற்று வராது என்பது ஒரு கட்சி. 'வாழ்த்து' மாதிரி வல்லின ஒற்றை அடுத்து உகரத்தில் முடியும் சொல்லுக்கு (வன்தொடர்க் குற்றியலுகரம்) பின் வல்லினம் மிகும் என்பது எதிர்க்கட்சி. ஒற்றுப் போட்டால் வாழ்த்தோடு ஒரு சொம்பு கள்ளும் சேர்த்துக் கொடுத்ததாகத் தமிழாசிரியர்கள் கிண்டல் செய்வார்கள். நான் 'வாழ்த்துகள்' பக்கம். முக்கியமாக, கல்லூரித் தமிழ்த்துறைக்குப் போகிற எதிலும் ஒற்றைப் போட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

பெயரைச் சரிபார்ப்பது தனி வேலை

அச்சுக்குப் போகும் முன் நான்கு விஷயங்கள்: பெயர், தலைப்பெழுத்து, பட்டம், வயது. தலைப்பெழுத்தில்தான் அதிகம் வழுக்கும். ஒருவர் 'சு.' என்று எழுதுவார், இன்னொருவர் அதே அப்பா பெயருக்கு 'எஸ்.' என்று எழுதுவார். தமிழ்த்துறை ஆசிரியருக்கு 'எஸ்.' போட்டாலும் பிரச்சினை, நாற்பது வருடமாக 'எஸ்.' என்றே அறியப்பட்ட வித்துவானுக்கு 'சு.' போட்டாலும் பிரச்சினை. அவருடைய கையெழுத்து உள்ள ஏதாவது ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அமைச்சருக்கு 'மாண்புமிகு', நீதிபதிக்கு 'மாண்பமை நீதியரசர்'. பெண்களின் வயதை, அவர்களே சொல்லாமல், அச்சில் ஏற்ற வேண்டாம்.

விழாக்களின் பெயரையும் குழப்பாதீர்கள். 25 வெள்ளி விழா, 50 பொன் விழா, 75 பவள விழா. ஆளுக்கு 60 என்றால் மணிவிழா. வீட்டில் சாஸ்திரப்படி செய்தால் சஷ்டியப்த பூர்த்தி. 1949 செப்டம்பர் 17இல் தொடங்கிய திமுக 2024இல் பவள விழா கொண்டாடியது. அதே செப்டம்பரில் 15ஆம் தேதி அண்ணா பிறந்தநாள், 17 பெரியார் பிறந்தநாள், கட்சி தொடங்கிய நாளும் அதுவே; மூன்றையும் சேர்த்து முப்பெரும் விழா. கட்சி வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இப்படியொரு நாள்காட்டியை மனப்பாடம் செய்வது நல்லது. ஜனவரி 17 எம்ஜிஆர், பிப்ரவரி 24 ஜெயலலிதா, மார்ச் 1 மு.க.ஸ்டாலின், ஜூன் 3 கருணாநிதி, ஜூலை 15 காமராஜர். இந்த நாட்களுக்கு ஒரு வாரம் முன்னால் அச்சகத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

அரசியலில்: படங்களின் வரிசை

கட்சிச் சுவரொட்டியில் வாசகத்தை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. படங்களின் வரிசையையும் அளவையும்தான் பார்ப்பார்கள். மேலே சின்ன வட்டங்களாக மறைந்த தலைவர்கள்: திமுக என்றால் பெரியார், அண்ணா, கலைஞர், அதிமுக என்றால் அண்ணா, எம்ஜிஆர், ஜெயலலிதா. அதற்குக் கீழே இப்போதைய தலைவர் பெரிதாக. பிறகு மாவட்டச் செயலாளர், ஒன்றியம் அல்லது பகுதி, வட்டம் என்று இறங்கி, கடைசியில் 'இவண்' என்று போட்டு உங்கள் பெயர். உங்கள் படம் மாவட்டச் செயலாளரின் படத்தைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தாலும் மறுநாள் போன் வரும். கடையில் நான் அளவுகோல் வைத்து அளந்தே கொடுப்பேன். ஒரு மாவட்டத்தில் இரண்டு கோஷ்டி இருந்தால், எந்தப் படத்தை விட்டீர்கள் என்பதே செய்தி. தெரியாமல் விட்டதாக நீங்கள் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். புதியவர்கள் சுவரொட்டியின் மாதிரியைப் பழைய ஆள் ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்குப் போவது உத்தமம்.

அச்சகத்தின் பெயரை அடியில் போட்டுவிடுங்கள். தேர்தல் நேரம் என்றால் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் கட்டாயம்; மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. இதைப் பொடி எழுத்தில் போட்டு மறைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

பேனர் வேண்டாம் என்பது என் கட்சி. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஓர் அரசியல் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலை நடுவில் வைத்த பேனர் சரிந்தது. ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்துபோனார். கட்சித் தலைமைகள் பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. கொஞ்ச நாள் சாலைகள் வெறுமையாக இருந்தன. மறுபடி முளைத்துவிட்டன என்பது உங்களுக்கே தெரியும். அந்த வாரத்தோடு என் கடையில் சாலையோரப் பேனர் வேலையை நிறுத்தினேன். வருமானம் பாதியாகக் குறைந்தது. இப்போது நினைத்தாலும் அது சரியென்றே படுகிறது. மண்டபத்துக்குள் கட்டுவது வேறு. வெளியே என்றால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி எண் இல்லாமல் கயிறு கட்டாதீர்கள்.

நேரில் போவதென்றால் கையில் என்ன? வழக்கமாகப் பொன்னாடை. அது ஜரிகைச் சால்வையாக இருந்தால் தொல்லை இல்லை; துண்டு என்றால் கரையைப் பாருங்கள். கறுப்பு சிவப்புக் கரைக்கும் கறுப்பு வெள்ளை சிவப்புக் கரைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கோடுதான், ஆனால் அந்தக் கோட்டில் அரை நூற்றாண்டுப் பகை இருக்கிறது. காங்கிரஸ்காரருக்குக் கதர். 2021இல் முதலமைச்சரான ஸ்டாலின், பொன்னாடை, பூங்கொத்துக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகு, புத்தகத்தோடு வரிசையில் நிற்பது பழக்கமாகிவிட்டது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் ஊரும் எழுதுங்கள். ஏற்கெனவே வாசித்த புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது, 'எதைப் பற்றி?' என்று அவர் கேட்டுவிட்டால் முழிக்க வேண்டியதில்லை.

விளிப்பதற்குக் கட்சிக்குக் கட்சி உறவுமுறை மாறும். அண்ணா 'தம்பிக்கு' என்று கடிதம் எழுதினார், கருணாநிதி 'உடன்பிறப்பே' என்று எழுதினார், எம்ஜிஆர் 'ரத்தத்தின் ரத்தமே' என்றார். இடதுசாரிகளிடம் எல்லோரும் தோழர். எந்த வீட்டுக்குள் நுழைகிறோம் என்று பார்த்து உறவு சொல்லுங்கள்.

வாழ்த்தோடு கோரிக்கை வைக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக. தொல்காப்பியத்திலேயே இதற்குப் பெயர் இருக்கிறது: வாயுறை வாழ்த்து. வேம்பு போலக் கசந்தாலும் பின்னால் நன்மை தரும் சொல்லைச் சொல்லி வாழ்த்துவது. சங்கப் புலவர் நெட்டிமையார் பாண்டியன் முதுகுடுமியைப் பஃறுளி ஆற்று மணலைவிட அதிக நாள் வாழ்க என்று வாழ்த்தினார். அந்த அளவுக்கு நம் சுவரொட்டிக்காரர்கள்கூடப் போனதில்லை. மணலில் ஆரம்பித்து, தெருவிளக்கு கேட்டு முடியுங்கள். ஒரே ஒரு கோரிக்கை, மனுவாகக் கையில், பேச்சில் ஒரு வரி. இரண்டாவது கோரிக்கை வந்தால் முதலாவதும் காணாமல் போகும்.

கல்யாண மேடையில் வாழ்த்திப் பேச அழைத்தால், அது சுயமரியாதைத் திருமணமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே புரோகிதர் கிடையாது. உற்றார் முன்னிலையில் மணமக்கள் உறுதிசொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும். அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவாக இதைச் சேர்த்தார்கள்; 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அங்கே உட்கார்ந்து வாழ்த்துகிற நீங்களும் சடங்கில் ஒரு பகுதி. நாட்டு நிலவரத்தைச் சுருக்கி, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். மாப்பிள்ளையின் பெயரைக் கடைசிவரை சொல்லாமலே இறங்கிய பேச்சாளர்கள் இருக்கிறார்கள்.

கலையில்: உடனே சொல்லுங்கள், குறிப்பாகச் சொல்லுங்கள்

இங்கே வாழ்த்து நிகழ்ச்சியின் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. கச்சேரியில் ஒரு சங்கதி (பாட்டு வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதம்) அழகாக விழுந்தால் 'பேஷ்', 'ஆஹா' என்று இருந்த இடத்திலேயே வரலாம். புதியவர்களுக்குப் பயம், தப்பான இடத்தில் தலையாட்டிவிடுவோமோ என்று. முன்வரிசை மாமாக்களைப் பார்த்து அரை நொடி பிந்தி ஆட்டினால் போதும், நான் அப்படித்தான் கற்றேன். தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேன்டீனுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பது மிருதங்கக்காரருக்கு நீங்கள் தரும் மிகப் பெரிய மரியாதை. கடைசிப் பாட்டான மங்களம் முடியும்வரை இருங்கள்.

மேடைக்குப் பின்னால் போய் 'நல்லா இருந்தது' என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். ராகம் தெரியாவிட்டால் 'மூன்றாவதாகப் பாடினீர்களே, அது' என்றால் போதும், அவர் முகம் மலரும். பக்கவாத்தியக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. குரு அங்கே இருந்தால் முதல் வணக்கம் அவருக்கு. சிஷ்யரை நேராகப் புகழ்ந்தால் சிஷ்யரே நெளிவார். சென்னை மியூசிக் அகாடமியில் ஜனவரி 1 அன்று சதஸ் என்ற விருது விழாவில் சங்கீத கலாநிதி விருது வழங்குவார்கள். விருது பெற்றவரை மறுநாள் சந்திப்பவர்கள், விருதைப் பற்றி ஒரு வரி, அவருடைய பாட்டைப் பற்றி மூன்று வரி என்ற கணக்கில் பேசினால் நிற்கும்.

பரதநாட்டிய அரங்கேற்றத்தில் வாழ்த்துரை பெரும்பாலும் உடை மாற்றும் நேரத்தில் வரும். அதாவது உங்கள் பேச்சுக்கு ஒரே வேலை, அந்தப் பெண் அடுத்த உடையில் தயாராகும்வரை நேரத்தை நிரப்புவது. உள்ளிருந்து கைகாட்டினால் பாதி வாக்கியத்திலும் நிறுத்தத் தெரிய வேண்டும். தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்பவருக்கும் பாட்டு, வாத்தியக்காரர்களுக்கும் தாம்பூலத் தட்டில் சம்பாவனை (மரியாதைப் பணம்) வைக்கும்போது உறையின் மேல் பெயர் எழுதிவிடுங்கள். மேடையில் தட்டு மாறிப்போவதைவிடக் கொடுமை வேறில்லை.

தெருக்கூத்து இதற்கு நேர் எதிர். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் விடிய விடிய நடக்கும் கூத்தில், பிடித்த வேடத்துக்கு நடுவிலேயே போய் ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்தலாம். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் உங்கள் பெயரை ஊருக்கே அறிவித்து வாழ்த்துவார். உங்கள் வாழ்த்து ஒரு நிமிடத்தில் இரட்டிப்பாகத் திரும்பி வந்துவிடும். சபாக்களில் இல்லாத அழகு இது. பெரிய தொகை என்றால் ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியார் கையில் கொடுங்கள், பங்கு சரியாகப் போகும்.

புத்தக வெளியீட்டில் ஒரு மரபு எனக்குப் பிடிக்கும். நூலைப் புகழ்ந்து பாயிரம் (முன்னுரை) சொல்லத் தகுதியானவர்கள் யார் என்று நன்னூல் பட்டியல் போட்டிருக்கிறது: எழுதியவரின் ஆசிரியர், அவரோடு படித்தவர், அவருடைய மாணவர், உரை எழுதியவர். தன்னைத் தானே புகழ்வது தகுதியில்லை என்றும் அது சொல்கிறது. நூலை நெருக்கமாக அறிந்தவர்தான் பேச வேண்டும் என்பது அதன் கணக்கு. இன்றைக்கு அணிந்துரையும் வாழ்த்துரையும் புத்தகத்தைப் பிரிக்காதவரிடமிருந்தும் வருகின்றன. உங்களை அழைத்தால், குறைந்தது பாதியாவது படித்துவிட்டுப் போங்கள். நண்பர் புத்தகம் போட்டால் காசு கொடுத்து வாங்குங்கள். 'எனக்கொரு பிரதி எடுத்து வை' என்பது வாழ்த்தில் சேராது.

கல்லூரியில்: பொன்னாடைக்குக் காத்திருங்கள்

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு நண்பர் அழைத்தால் கட்டாயம் போங்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அவருக்கு விடை தெரிந்த கேள்வியாகக் கேட்பதுதான் அங்கே வாழ்த்து. புத்திசாலித்தனத்தைக் காட்டும் இடம் அது இல்லை. புறத்தேர்வாளர் பரிந்துரையை வாய்விட்டு அறிவிக்கும்வரை பொன்னாடையைப் பையிலேயே வையுங்கள். அறிவித்ததும் முதலில் நெறியாளருக்கும் தேர்வாளருக்கும், பிறகே நண்பருக்கு. அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவரை முதல் தடவையாக 'முனைவரே' என்று கூப்பிடுங்கள், அந்த ஒரு சொல்லுக்கு அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்று முகத்தில் தெரியும். சுவரொட்டி அடிப்பதாக இருந்தால், சான்றிதழ் கைக்கு வந்த பிறகு.

தமிழ்த்துறை என்றால் ஐயா, அம்மா. மற்ற துறைகளில் சார், மேடம். மாற்றிச் சொன்னாலும் தவறில்லை. ஆனால் தமிழ்த்துறைக் கூட்டத்தில் மைக்கில் 'சார்' என்றால் யாராவது தொண்டையைச் செருமுவார்கள்.

ஆசிரியர் பணிமுடித்துப் போகும்போது 'ஓய்வு' என்ற வார்த்தையைத் தவிர்த்து 'பணி நிறைவு' என்பார்கள். பாராட்டு விழாவில் சட்டம் போட்ட வாழ்த்து மடல் வாசிப்பது வழக்கம். விருத்தமோ வெண்பாவோ எழுதத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தளை தட்டிய (யாப்பு பிசகிய) வெண்பாவைவிட நேரான உரைநடை எவ்வளவோ மேல். 'கல்விக் கடல்', 'அறிவுச் சுரங்கம்' வேண்டாம், எல்லா மடலிலும் அதே கடல்தான். ஒரு மடலில், அந்த அம்மா மாணவர்களின் தேர்வுக் கட்டணத்தைச் சத்தமில்லாமல் கட்டியதை ஒரு மாணவி இரண்டு வரியில் எழுதியிருந்தாள். வாசித்து முடிக்கும்போது மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை.

மைக் முன்னால்

விழா தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கும். மனோன்மணீயம் சுந்தரனாரின் 'நீராருங் கடலுடுத்த' 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 நொடி, எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. செல்பேசியைப் பைக்குள் போடுங்கள்.

பேச்சில் பாதி நேரம் 'அவர்களே, அவர்களே' என்று விளிப்பதிலேயே போகும். தலைவர், சிறப்பு விருந்தினர், விழா நாயகர் மூவரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, மற்றவர்களை 'மேடையில் வீற்றிருக்கும் சான்றோர் பெருமக்களே' என்று ஒரே வீச்சில் சேர்த்துவிடுங்கள். நடுவில் நாலு பேரைச் சொல்லி ஐந்தாமவரை விட்டால்தான் ஆபத்து. வாழ்த்துரைக்கு மூன்று நிமிடம். உங்களுக்கு முன் பேசியவர் நீங்கள் வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட்டால், அவரை வழிமொழிந்து ஒரே நிமிடத்தில் இறங்குங்கள், அன்றைய விழாவில் உங்களுக்குத்தான் கைத்தட்டல் அதிகம்.

உங்கள் முறை வரும்போது

ஒருநாள் உங்களையும் நாற்காலியில் உட்காரவைத்துப் போர்த்துவார்கள். எழுந்து நின்று, லேசாகக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் வரும் முன் முந்தின சால்வையைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறாவது சால்வைக்கு மூச்சு முட்டும். ஏற்புரையில் நன்றி சொல்லும் வரிசையை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மண்டபக் காவலாளியையும் சமையல்காரரையும் அதில் சேருங்கள், வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள்.

வீட்டில் சால்வைகள் குவியும். மறுபடி இன்னொருவருக்குப் போர்த்துவதில் தப்பே இல்லை, ஊரே அப்படித்தான் செய்கிறது. ஒவ்வொரு உறையிலும் யார் கொடுத்தது என்று பென்சிலில் எழுதி வையுங்கள், அவ்வளவுதான். கடையை மூடிய வருடம் ஒரு சங்கத்தில் எனக்கு மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தால் உள்ளே ஒரு சீட்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் அதை நான் வாங்கிய கடையின் ரசீது, பின்பக்கம் என் கையெழுத்தில் அந்தச் சங்கத் தலைவரின் பெயர்.